"லேசான" பக்கவாதம் யாருக்கு லேசு?



பக்கவாதத்தின் கடுமையை வைத்தியர்கள் 0 முதல் 42 வரை எண்ணிட்டு அளக்கிறார்கள். 5-க்கு மேற்படாவிட்டால் "லேசானது" என்பது வழக்கம். ஆனால் அந்த அளவுகோல் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லிப் பார்க்குமேயன்றி, விரல்களின் வேலைத்திறனுக்கு அதில் எண் கிடையாது. தையற்காரரால் ஊசி பிடிக்க முடியவில்லை, ஆசிரியைக்குச் சொல் தடுமாறுகிறது என்றால், எண் சிறிதுதான், பிழைப்போ போய்விட்டது.

மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளையின் பெரிய இரத்தக்குழாயை அடைத்த கட்டியை எடுக்கும் சிகிச்சை கடும் பக்கவாதத்தில் பலன் தருமென்று 2015-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. லேசான நோயாளிகள் அவற்றில் மிகச் சிலரே. சிகிச்சையால் மூளையில் இரத்தம் கசியலாம். செய்யாது விட்டாலோ நோய் முற்றலாம்.

ஆகவே நல்ல வைத்தியர் எண்ணோடு நின்றுவிடமாட்டார். "இந்தக் குறையோடு உங்கள் வேலையைச் செய்யக் கூடுமா?" என்று கேட்பார். இருபக்க அபாயத்தையும் மறைக்காமற் சொல்லிச் சம்மதம் பெறுவார்.

குடும்பத்தாருக்கும் இதிற் கடமையுண்டு. "சின்னதுதானே, காலையில் பார்ப்போம்" என்று படுக்கவைப்பது பெருந்தவறு. நோய் கண்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். அவர் எதைச் செய்து வாழ்ந்தார் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதைச் சொல்ல நோயாளிக்கு அப்போது நாவெழாமற் போகலாம்.