வைட்ஹேவனிலிருந்து கெசிக் வரை

காலை. இங்கிலாந்தின் மேற்குக் கரையில் வைட்ஹேவன் துறைமுகம். படகு இறக்கும் சரிவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்ப் பின்சக்கரத்தை ஐரிஷ் கடலில் நனைத்தாயிற்று. முன்சக்கரம் நனைய வேண்டியது நாட்டின் மறுகரையில், வடகடலில். இடையில் சுமார் 220 கிலோமீட்டர். இந்தக் கரைக்குக் கரை வழி 1994இல் திறக்கப்பட்டது; இதில் போகிறவர்கள் பலரும் இப்படி நனைத்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். கூட்டமாக வந்தால் சிரித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். தனியாக வந்தவனுக்கு அது வழிபாடு போல ஆகிவிடுகிறது. சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

மேற்கிலிருந்து கிழக்கே போவதற்குக் காரணம் காற்று. இங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். முதுகில் கை வைத்துத் தள்ளிவிட ஒருவர் இருக்கிறார் என்ற தைரியம்.

*

ஊரைத் தாண்டியதும் பழைய ரயில் பாதை. தண்டவாளம் எடுத்து வெகுகாலம் ஆகிறது. கிளீட்டர் மூர், ரௌரா என்று உள்ளே போகும் இந்தப் பாதையை 1850களில் போடத் தொடங்கியது ஆட்களுக்காக அல்ல, செந்நிற இரும்புத் தாதுவுக்காக. தாது வெட்ட அயர்லாந்திலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்கள் ஏராளம். கிளீட்டர் மூருக்குச் ‘சின்ன அயர்லாந்து’ என்றே பெயர் விழுந்தது. கடற்பக்கம் நிலக்கரி. வைட்ஹேவன் சுரங்கங்கள் கடலுக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் ஓடின. கடைசிச் சுரங்கமான ஹெய்க் 1986இல் மூடப்பட்டது. இப்போது இந்த வழியில் நாயோடு நடப்பவர்களும் நானும்.

ரயில் பாதையில் ஒரு தந்திரம் இருக்கிறது. இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் வழுக்கும் என்பதால் ரயிலுக்குச் செங்குத்து ஆகாது. ஆகவே மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ஏற்றத்தை நீளமாக இழுத்துப் போட்டிருக்கிறார்கள். கண்ணுக்குச் சமதளம். கால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்கிறது. டயரில் காற்று குறைவோ, பிரேக் உரசுகிறதோ என்று இறங்கிப் பார்த்தால் ஒன்றுமில்லை. நிற்கும்போது திரும்பிப் பார்த்தால்தான் தெரிகிறது, கடல் எவ்வளவு கீழே போய்விட்டதென்று.

இந்தப் பகுதியில் மனம் இன்னும் வீட்டில்தான் இருந்தது. அனுப்பாத ஒரு மின்னஞ்சல், அலுவலகத்தில் யாரோ சொன்ன ஒரு சொல், பூட்டினேனா என்ற சந்தேகம். உடம்பு ரயிலேறி வந்துவிட்டது. மனம் அடுத்த வண்டியில் வருகிறது போலும். விரட்டவில்லை. விரட்டினால் இன்னும் அதிகம் பேசும்.

*

ரௌராவுக்கு அப்பால் ரயில் பாதையின் கருணை முடிகிறது. கிராமத்துச் சாலைகள், இரு பக்கமும் சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவர்கள். அவற்றுக்குப் பின்னால் ஹெர்ட்விக் ஆடுகள். குட்டி கறுப்பாகப் பிறந்து, வயது ஏற ஏற உடல் சாம்பல் நிறமாகும். முகம் வெண்மை. எதையும் கேட்பதில்லை, அதே சமயம் எதையும் நம்புவதுமில்லை என்ற பார்வை. முயல் கதைகள் எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர் பின்னாளில் இந்த ஆடுகளை வளர்ப்பதில்தான் முனைந்திருந்தார். 1943இல் இறந்தபோது 4000 ஏக்கருக்கு மேல் நிலத்தை நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்கு விட்டுச்சென்றார். அந்த நிலங்களில் இன்றும் இதே ஆடுகள் மேய்கின்றன. புத்தகங்களைவிட இது பெரிய காரியம் என்றே எனக்குப் படுகிறது.

லோஸ்வாட்டர் ஏரிக்கரையில் சாப்பாடு. ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு ஆப்பிள். இந்த வட்டாரத்து ஏரிகள் நடுமலையிலிருந்து வெளியே வழிகிறவை. இது மட்டும் மலைகளை நோக்கி உள்ளே வழிந்து, பக்கத்து ஏரியில் கலந்து, பிறகுதான் வெளியேறுகிறது. வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கூட யாராவது இருந்தால் ‘கிளம்பலாமா’ என்று ஒரு குரல் வந்திருக்கும். தனிப்பயணத்தில் நிற்பதற்கும் காரணம் வேண்டாம், கிளம்புவதற்கும் வேண்டாம். முதல் நாளில் இது சுகமாக இல்லை, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

*

லார்ட்டனில் தொடங்குகிறது விண்லாட்டர் கணவாய். உச்சி 318 மீட்டர். நம்மூர் மலைப்பாதைகளோடு ஒப்பிட்டால் குழந்தை. ஆனால் நம்மூர்ப் பாதை வளைந்து வளைந்து ஏறும். ஆங்கிலேயச் சாலை மலையை நேராக முட்டுகிறது. இரண்டு பக்கப்பைகளும் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கின்றன.

கடைசிக் கியருக்கு இறங்கியதும் எண்ண ஆரம்பித்தேன். இந்தப் பக்கத்து மேய்ப்பர்களுக்கு முன்பு ஆடு எண்ணத் தனி எண்கள் இருந்தன: யான், டியான், டெதரா, மெதரா, பிம்ப். ஆங்கிலத்துக்கு முன்பிருந்த மொழியின் மிச்சம் என்பார்கள். வெல்ஷ் மொழியில் ஐந்துக்கு இன்றும் இதை ஒத்த சொல்தான். இருபதோடு கணக்கு நின்றுவிடும். ஒரு கூழாங்கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி யானிலிருந்து தொடங்குவார்கள். ஜபமாலை உருட்டுவது போலத்தான். எனக்கு ஐந்து வரைதான் மனப்பாடம். ஐந்து மிதி, மறுபடி ஐந்து மிதி. மொத்தம் எத்தனை என்று யாரும் கேட்கப்போவதில்லை. பெரிய எண்ணாக எண்ணினால் எவ்வளவு மிச்சம் என்ற கவலை கூடவே எண்ணும்.

இருபுறமும் ஊசியிலை மரங்கள் வந்தன. முதல் உலகப் போரில் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் 1919இல் வனத்துறை அமைத்து நட்ட காடுகளில் இது ஒன்று. சிவப்பு அணில்கள் இன்னும் மிஞ்சியிருக்கும் காடு. எனக்கு ஒன்றும் தென்படவில்லை. செங்குத்தான ஓரிடத்தில் இறங்கித் தள்ளினேன். இதில் வெட்கம் எதுவும் இல்லை. தள்ளும்போதுதான் பிசின் வாசனை வந்தது.

எப்போது என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த ஏற்றத்தில் எங்கோ மின்னஞ்சல் போய்விட்டது. பூட்டும் போய்விட்டது. மூச்சும் ஐந்து எண்களும் மட்டும் மிஞ்சின. இதை அமைதி என்று பெரிதாக்க வேண்டாம். பேச மூச்சில்லை, அவ்வளவே.

*

இறக்கம். பிரெய்த்வெய்ட் வரை மிதிக்கவே தேவையில்லை. இடப்பக்கம் பாசன்த்வெய்ட் ஏரி, எதிரே 931 மீட்டர் ஸ்கிடா மலை. இதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. இறக்கம் சீக்கிரம் முடிந்துவிடும்.

கெசிக்கில் தங்கிய வீட்டு அம்மா முதலில் கேட்டது பெயரை அல்ல, ‘சைக்கிள் நனைந்திருக்கிறதா?’ என்று. கொட்டகைச் சாவியைக் கொடுத்தார். இரவு உணவு விடுதியில் ‘ஒருவருக்குத்தானே?’ என்று கேட்டு ஜன்னலோர மேசையைக் காட்டினார்கள். காலையில் கேட்டிருந்தால் அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்திருக்கும்.

இன்று ஓடியது ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வாரக் கடைசியில் இதைவிடக் கூடுதலாகவே மிதித்துப் பழகியவன் நான். திட்டம் போடும்போது கெசிக்குக்கு அப்பாலுள்ள பென்ரித் வரை ஒரே நாளில் போய்விடலாமா என்ற ஆசையும் இருந்தது. முதல்முறை தனியாகக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதல் நாள் தூரத்தைக் கால் பலத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். நினைத்ததில் பாதி போதும். பென்ரித் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.