கருவியும் உடைமையும்

ஒரு பொருள் நமக்கு வேண்டுமா, வேண்டாவா என்று ஆராய்வதும் அறவாராய்ச்சியே ஆகும். அல்லிநகரத்தில் வாழும் சகோதரி ஒருவர், பஞ்சுப் போர்வை தைக்கும் குயில்டிங் இயந்திரம் ஒன்று, பிறர் பயன்படுத்தியது, குறைந்த விலைக்கு வருகிறதென்றும், அதனை வாங்கலாமா என்றும் கேட்டார். அவர் தையல் பழகத் தொடங்கியது அண்மையில்தான். இவ்வினாவை நம் நெறியில் வைத்துப் பார்ப்பது சிராவகர் அனைவர்க்கும் பயன்படும்.

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் பரிக்கிரகத்திற்கு இலக்கணம் கூறுங்கால் பொருளைச் சுட்டவில்லை. மூர்ச்சையை, அதாவது பொருளின்மேல் மயங்கும் மனத்தையே சுட்டுகிறது. எனவே இயந்திரம் பெரிதா சிறிதா என்பதன்று கேள்வி. அதை நோக்கும் நெஞ்சம் எத்தகையது என்பதே கேள்வி.

இத்தேனி மாவட்டத்து உத்தமபாளையத்தில், பாறையொன்றில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அச்சணந்தி முனிவரின் பெயர் அங்குள்ள வட்டெழுத்தில் காணப்படுகிறது. அனைத்தையும் துறந்த திகம்பர முனிவர்களும் மயிற்பீலி, கமண்டலம், சாத்திரம் ஆகிய மூன்றை ஏற்பர். சிற்றுயிர்க்கு ஊறு நேராமற் காக்கப் பீலி, தூய்மைக்குக் கமண்டலம், ஞானத்திற்குச் சாத்திரம். இவற்றை உபகரணம் என்கிறோமேயன்றிப் பரிக்கிரகம் என்பதில்லை. செயலுக்கு உதவும் வரையில் ஒரு பொருள் கருவி. செயலின்றி நம் பெயரளவில் நிற்குமாயின் அது வெறும் உடைமை. இயந்திர மோகத்தைக் கண்டித்த காந்தியடிகளும் 1924 ஆம் ஆண்டில் தையல் இயந்திரத்திற்கு விலக்களித்தார் என்பது இங்கு எண்ணத்தக்கது.

இனித் தொடக்க நிலையிலுள்ளோர் நிலையை நோக்குவோம். சாதாரணத் தையல் இயந்திரத்தில் துணியை நாம் நகர்த்துகிறோம். சட்டத்துடன் கூடிய பெரிய குயில்டிங் இயந்திரத்திலோ, மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்னும் மூன்றடுக்கும் சட்டத்தில் விரிந்து நிற்க, இயந்திரத்தின் தலைப்பகுதியே நகர்கிறது. அதற்கு ஓர் அறையின் பெரும்பகுதி வேண்டும். நூலின் இறுக்கமும், ஊசியும் கொக்கியும் சந்திக்கும் கணக்கும் சற்றே பிழைத்தாலும் தையல் விட்டுப்போகும். தேர்ந்தவர் அது பழுதா, தம் கைப்பிழையா என்று அறிவர், புதியவர் அறியார். கருவி வந்துவிட்டால் திறமையும் வந்துவிடும் என்று மனம் மயங்குவதே மூர்ச்சை.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்தின் குற்றங்களுள் ஒன்றாக விஸ்மயத்தைக் கூறுகிறார். பிறர் செல்வத்தைக் கண்டு வியத்தலே அது. அண்டை வீட்டாரின் நேர்த்தியான போர்வையைக் கண்டு எழுந்த ஆசையா, தைக்க வேண்டும் என்ற ஆசையா என்பதைத் தம்மைத் தாமே வினவுதல் வேண்டும்.

ஆயினும் மறுப்பதெல்லாம் துறவன்று. உழைத்துப் பொருளீட்டி, நாலு பேருக்குப் போர்வை தைத்துக் கொடுக்கக்கூடியவர், செலவுக்கு அஞ்சிக் கருவியை மறுப்பாராயின் அது உலோபமே. பழைய இயந்திரத்தை ஏற்பதில் ஒரு நன்மையும் உண்டு. உள்ளதைப் பயன்கொள்ளுமிடத்துப் புதியதொன்றை ஆக்கும் ஆரம்பத்தின் ஹிம்சை அவ்வளவிற் குறையும். உள்ளீடாகப் பட்டையோ கம்பளியையோ நாட வேண்டியதில்லை. அருகிலுள்ள போடிநாயக்கனூர் இலவம் பஞ்சுக்குப் பெயர் பெற்றது. முற்றிக் காய்ந்த நெற்றிலிருந்து எடுக்கப்படும் அப்பஞ்சுக்காக எவ்வுயிரும் மாள்வதில்லை. பருத்திப் பஞ்சும் உண்டு.

குறைந்த விலை ஏன் என்பதையும் ஆராய்தல் கடன். களவுப் பொருளை வாங்குதல் கள்ளாமை விரதத்திற்குக் குற்றம் என்பது நாமறிந்ததே. நேர்மையான பொருளாயினும், விற்பவர் கடன்பட்டோ கணவரை இழந்தோ வேறு வழியின்றி விற்கலாம். அவருடைய இடர்ப்பாட்டை நம் ஆதாயமாக்குதல் களவன்று. எனினும் கருணையும் அன்று. வாங்குபவர் அதன் நியாய விலையை விசாரித்து, அதனைத் தாமே முன்வந்து கொடுத்தல் சிராவக தருமத்திற்கு அழகு. பேரம் பேசித் தோற்கடிக்க அவர் நம் பகைவர் அல்லர்.

ஆகவே சகோதரிக்கு நான் கூறியது இது. முதலில் கையாலும் வீட்டிலுள்ள தையல் இயந்திரத்தாலும் மூன்று சிறு போர்வைகளை முடியுங்கள். பின்னர் அந்த இயந்திரத்தில் அமர்ந்து, மூன்றடுக்குத் துணியையே வைத்து ஓட்டிப் பாருங்கள். தையல் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அதன் பிறகும் வேண்டுமெனத் தோன்றினால் வாங்குங்கள். அதற்குள் அது வேறொருவருக்கு விலையாகிவிட்டால், பயன்படுத்துவோரிடம் சேர்ந்தது என மகிழுங்கள். வாங்கும் நாளிலேயே ஓர் எல்லையும் வகுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு அது தைக்காமல் மூடிக் கிடக்குமாயின், தையலால் பிழைக்க விரும்பும் ஒரு பெண்ணுக்கு அதனைக் கொடுத்துவிடுவது என்று.

ஆசை எழுமுன் வகுத்த எல்லையே விரதம். ஆசை தணிந்தபின் வகுப்பது வெறும் கணக்கு.