காப்பியடிக்கலாமா?

பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்த்து எழுதினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆனால், ஆயில் பெயின்ட்டில் முகம் வரையக் கற்றுக்கொள்ளப் போனால், ‘பெரிய ஓவியர் ஒருவரின் படத்தை வைத்து அப்படியே காப்பி பண்ணு’ என்பதுதான் முதல் பாடம். இது மட்டும் எப்படி சார் நியாயம்?

ரவி வர்மாவை எடுத்துக்குங்க. திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர், ஆயில் வித்தையை அவருக்குச் சொல்லித்தர மறுத்துவிட்டார். 1868-ல் அங்கே வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் கற்றுத்தரவில்லை. தான் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். இருபது வயசுப் பையன் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டான். திருட்டா இது?

ரூபன்ஸ் 1628-ல் மாட்ரிட் போனபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. ஐரோப்பா முழுக்கப் பெயர். அப்பவும், தான் பிறப்பதற்கு முந்தின வருஷமே இறந்துபோன டிஷியனின் படங்களுக்கு முன்னால் உட்கார்ந்து காப்பி செய்தார். தூர நின்று பார்த்தால் கன்னம் ஒரே நிறம்தான். காப்பி பண்ண உட்கார்ந்தால்தான், நிழலுக்குள் கொஞ்சம் பச்சை ஒளிந்திருப்பது தெரியும்.

எங்க பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் இது தினப்படி வேலை. வெளிநாட்டு கம்பெனிக்காரன் சாம்பிள் ஷூ அனுப்புவான். அதைப் பார்த்துத் தோலை வெட்டி, தைத்து, அவன் பெயரையே குத்தி அனுப்புவோம். அது நேர்மையான வியாபாரம். அதே கை, அதே ஷூவை அவன் சம்மதமில்லாமல் தைத்து, அவன் பெயரைப் போட்டு விற்றால் போலி. தையலில் வித்தியாசமே இல்லை. தப்பு, பெயரில் இருக்கிறது.

பாரிஸ் லூவர் மியூசியத்தில் உட்கார்ந்து காப்பி செய்ய அனுமதி உண்டு. ஆனால், ஒரிஜினல் அளவிலேயே வரையக் கூடாது. கையெழுத்தைக் காப்பி பண்ணக் கூடாது.

நான் படித்த பி.காம். பாஷையில் சொன்னால், காப்பி என்பது கடன். கடன் வாங்குவது குற்றமில்லை. கணக்கில் காட்டாததுதான் குற்றம். அதே சமயம், ஆயுசு முழுக்கக் கடனிலேயே கடை நடத்தவும் முடியாது. டிஷியன் ஒரு மனுஷ முகத்தைப் பார்த்து வரைந்தார். நாம் டிஷியனைப் பார்த்து வரைகிறோம். அவர் போட்ட கணக்கின் விடை மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

அதனால், உங்கள் பிள்ளை காலண்டர் படத்தைப் பார்த்து வரைந்தால் திட்டாதீங்க. ‘ரவி வர்மாவைப் பார்த்து வரைந்தது’ என்று கீழே எழுதச் சொல்லுங்க. கை படிந்த பிறகு ஒருநாள், காலண்டரைத் திருப்பிவைத்துவிட்டு, பாட்டியை எதிரே உட்காரவைத்து வரையச் சொல்லுங்க. மூக்கு கோணலாகத்தான் வரும். பரவாயில்லை, அதற்குக் கீழே அவன் பெயரையே போட்டுக்கொள்ளட்டும்.