காயம்பட்டவன் தந்த ஆசி

ஆசி என்றால் மேலிருந்து கீழே இறங்குவது என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். பெரியவர் கை உயரும். சிறியவர் தலை தாழும். ஆங்கிலக் கவி டென்னிசன் 1859-இல் வெளியிட்ட ஆர்தர் மன்னன் கதைப் பாடல்களில் இந்த எண்ணம் ஆட்டம் காண்கிறது. மனைவியின் துரோகத்தால் நொறுங்கிப்போன ஆர்தர், கன்னிமாடத்தில் அடைக்கலம் புகுந்த அரசி கினிவீரைத் தேடி வருகிறான். அவளோ தரையில் முகம் புதைத்துக் கிடக்கிறாள். கடிந்து பேசுகிறான், பிறகு மன்னிக்கிறான். குனிந்த தலைக்கு மேலே, இருளில், அவன் கைகள் அசைந்து ஆசி கூறுவதை அவள் உணர்கிறாள்.

இதைப் படிக்கும்போது புதியம்புத்தூர் மண்ணில் பிறந்தவர்களுக்கு அருகிலிருக்கும் பாஞ்சாலங்குறிச்சி நினைவுக்கு வரவேண்டும். 1801 மே மாதம் அங்கிருந்த கோட்டை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. சிதறிக் கிடந்த உடல்களுக்கிடையே ஒரு தாய் தன் மகனைக் கண்டாள். உயிர் இருந்தது. தூக்கப்போனவளிடம், என்னை விட்டுவிடம்மா, பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்றான் அவன். சாமி என்றது கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையை. பெண்கள் அவரைச் சுமந்துபோய் வீட்டில் கிடத்தினார்கள். ஆங்கிலேயர் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது துணியால் மூடி, அம்மை கண்டு மாண்டான் என்று ஓலமிட்டு அழுதார்கள். வந்தவர்கள் அஞ்சி ஓடினார்கள். இதை எழுதிவைத்தவர் எதிர்த்தரப்பில் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ். 1830-இல் அச்சேறிய அவருடைய போர் நினைவுகளில் இருக்கிறது. பகைவனின் பேனாவையும் அந்தக் கருணை தொட்டிருக்கிறது!

ஆர்தருக்கு அரச பீடமாவது இருந்தது. இந்த மகனுக்கு எஞ்சியிருந்தவை தாயின் இரு கைகள்; அவற்றையும் அவன் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தான். தன் வலியே தாங்க முடியாத நொடியில், அதைக் கடந்து பிறிதோர் உயிரின் வலியைக் காண எந்த மனத்தால் முடிகிறதோ, அந்த மனத்திலிருந்துதான் ஆசி பிறக்கிறது. அதைத் தருவதற்குப் பட்டமோ பதவியோ வயதோ வேண்டாம், சமயங்கள் வகுத்த சடங்குகளும் வேண்டாம், இழப்பின் நடுவிலும் ஈரம் வற்றாதிருந்தால் போதும் என்பதைக் கன்னிமாடத்து இருளும் கரிசல் மண்ணும் ஒருசேர நமக்கு உணர்த்துகின்றன.

கோட்டை வீழ்ந்த அதே 1801 நவம்பரில் ஊமைத்துரையை ஆங்கிலேயர் தூக்கிலிட்டார்கள். அதனால் அந்தத் தாயின் செயல் வீணாகிவிடவில்லை. கருணையைப் பலன் கொண்டு அளக்கத் தொடங்கினால், சாகப்போகிற எவரையும் நாம் தூக்கிவிட மாட்டோம்.

பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் எழுப்பிய நினைவுக்கோட்டைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். கட்டபொம்மன் வீரத்தை வாயாரச் சொல்கிறோம். அங்கே நின்று இந்தத் தாயையும் மகனையும் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள்.