எட்டு போடுமுன் என்ன வேண்டலாம்?

லைசென்ஸுக்கு வண்டி ஓட்டிக் காட்டப் போகிற காலையில் பிள்ளையாருக்கு ஒரு விடலை போட்டுவிட்டுக் கிளம்புவது தென்காசி வட்டாரத்தில் யார் கண்ணையும் உறுத்தாத காரியம். புது வண்டி என்றால் நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம், ஸ்டீயரிங்கில் சந்தனம் குங்குமம். புளியரை தாண்டி எஸ் வளைவில் முக்கி முனகி ஏறும் லாரிக்காரர்களில் பலர் கோட்டைவாசல் கருப்பசாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கேரளத்துக்குள் இறங்குவார்கள். போன இடத்திலிருந்து முழுசாகத் திரும்ப வேண்டும் என்கிற அந்தக் கும்பிட்டில் குறை காண ஒன்றுமில்லை. அது யாருக்கும் கெடுதல் கேட்காத வேண்டுதல். ஆனால் ‘எப்படியாவது பாஸ் ஆகிவிட வேண்டும்’ என்று ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் நின்று வைக்கிற வேண்டுதலைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். சாமி நம்பிக்கை உள்ளவர் அப்படி வேண்டலாமா? கூடாது என்பது என் கட்சி. சாமி கும்பிடாதவருக்கு இந்தக் கேள்வியே இல்லை. கும்பிடுகிறவருக்குத்தான் இதில் பொறுப்பு அதிகம்.

பள்ளிக்கூடப் பரீட்சையில் படிக்காதவன் பாஸாகிவிட்டால், அதனால் வருகிற கேடு பெரும்பாலும் அவனோடு போய்விடும். வண்டி ஓட்டும் தேர்வு அப்படிப்பட்டதல்ல. அதில் ஓட்டிக் காட்டுகிறவர் ஒருவர், அது யாருக்காக நடக்கிறதோ அவர் இன்னொருவர். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதியைப் படித்தால் இது புரியும். மேட்டில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளவிடாமல் எடுக்க வேண்டும், கண்ணாடியைப் பார்க்க வேண்டும், சிக்னலோ போலீஸ்காரரோ இல்லாத பாதசாரிக் கடவையிலும் சாலையைக் கடக்கிறவருக்கு முதலில் வழி விட வேண்டும் என்றெல்லாம் அது கேட்பது பின்னால் நிற்கிறவனுக்காகவும் குறுக்கே நடக்கிறவளுக்காகவும். ஜூன் பிறந்து குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டால் அந்த ‘குறுக்கே நடக்கிறவள்’ யாரென்று கண்ணாலேயே பார்க்கலாம். பேரருவியிலிருந்து ஐந்தருவிக்குப் போகும் சாலையில், தலையில் எண்ணெய், தோளில் ஈரத்துண்டு, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகள். கையில் பிடித்திருக்கும் பிள்ளை ரம்புட்டான் தள்ளுவண்டியைக் கண்டதும் உதறிக்கொண்டு ஓடும். எதிரே வருகிற காரை ஓட்டுகிறவரோ இப்போதுதான் குளித்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போகாத ஈரக் காலை பிரேக்கில் வைத்திருக்கிறார். 2022இல் நாடு முழுக்கச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தந்த கணக்கு. அதில் தமிழ்நாட்டின் பங்கு 17,884. ஓட்டத் தெரியாத ஒருவர் ‘என்னைப் பாஸாக்கு’ என்று கேட்கும்போது, அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் இருக்கிற ஒரே காவலைக் கொஞ்சம் விலக்கிவிடும்படி சாமியிடம் கேட்கிறார். அவளும் அதே குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் அருவிக்கு வந்திருப்பாள்.

இது இன்றைக்கு முளைத்த யோசனையும் இல்லை. சாக்ரடீஸைப் பற்றி அவருடைய மாணவர் செனஃபோன் எழுதி வைத்ததில், கிட்டத்தட்ட இதே விஷயம் வருகிறது. வண்டி ஓட்டத் தெரிந்தவனை வைத்துக்கொள்வதா, தெரியாதவனை வைத்துக்கொள்வதா என்று தெய்வத்திடம் குறி கேட்பது தெய்வ நிந்தனை என்று சாக்ரடீஸ் கருதினாராம். கற்றுத் தெரிந்துகொள்ளும்படி தெய்வங்கள் விட்டுவைத்த காரியத்தைக் கற்க வேண்டும். மனிதனுக்கு எட்டாததை மட்டுமே அவர்களிடம் கேட்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்பலாமா என்று கேட்டவரை முதலில் கட்டச் சொன்னார் நபிகள் என்பதைக் கடையநல்லூரில் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லத் தேவையில்லை. ஏன், அவ்வளவு தூரம் போக வேண்டாம். கார்த்திகை பிறந்தால் செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக்கும் அச்சன்கோவிலுக்கும் சபரிமலைக்கும் போகிற ஐயப்பசாமிகளைப் பாருங்கள். 41 நாள் விரதம். பச்சைத்தண்ணீர்க் குளியல், செருப்பில்லாத கால், நாவடக்கம். விரதம் இருக்காமல் கடைசி நாள் காலையில் இருமுடியை விலைக்கு வாங்கித் தலையில் வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் நினைப்பதில்லை. நினைத்தால் குருசாமி கட்டிவிட மாட்டார். எல்எல்ஆர் என்கிற பழகுநர் உரிமம் வாங்கிய பிறகு குறைந்தது 30 நாள் கழித்துத்தான் தேர்வுக்கு வரலாம் என்று சட்டம் சொல்வதும் ஏறக்குறைய ஒரு விரத காலம்தான். அந்த 30 நாளில் எத்தனை நாள் வண்டியைத் தொட்டோம் என்று கேட்டால் நம்மில் பலர் தலையைச் சொறிவார்கள். பக்குவப்பட்ட பிறகே படியேற வேண்டும் என்கிற புத்தி நம் சமயத்திலேயே இருக்கிறது. தேர்வு மைதானத்துக்கு வரும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறோம்.

வேண்டுதல் பதற்றத்தைத் தணிக்கிறதே, அதில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பைக்கில் எட்டு போடும்போது முன்சக்கரத்தையே குனிந்து பார்க்கிறவர் காலை ஊன்றிவிடுவார்; அடுத்து திரும்ப வேண்டிய வளைவைப் பார்க்கிறவர் ஊன்றமாட்டார். பதறினால் கண் தானாகச் சக்கரத்துக்குப் போகும். கும்பிட்டதால் மனசு நிலைப்பட்டு, கண் வளைவுக்குப் போகுமானால், தாராளமாகக் கும்பிடலாம். அங்கே அவர் கேட்பது கவனம். கவனம் எதிரே வருகிறவனுக்கும் சேர்த்து நல்லது. கைவசம் உள்ள திறமை பதற்றத்தில் சிதறாமல் இருக்கட்டும் என்று கேட்பதையும், கைவசம் இல்லாத திறமை இருப்பதாகத் தேர்வு நடத்தும் ஆய்வாளர் கண்ணுக்குத் தெரியட்டும் என்று கேட்பதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பின்னது கண்கட்டு வித்தை கேட்பது.

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. தேர்வே சடங்காகிவிட்டது, காலி மைதானத்தில் ஒரு எட்டு போட்டதை வைத்து, மழையில் புளியரை மலையில் மணல் லாரிக்குப் பின்னால் ஒருவர் எப்படி ஓட்டுவார் என்று எப்படித் தெரியும்? தெரியாதுதான். ஆனால் தேர்வு போதாது என்பதிலிருந்து ‘ஆகவே பயிற்சி வேண்டாம், எப்படியோ பாஸானால் சரி’ என்ற முடிவு வராது. தேர்வு எவ்வளவு இளப்பமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு மீதிப் பொறுப்பு ஓட்டுகிறவர் மனசாட்சியின் தலையில் விழுகிறது. ஆய்வாளர் பார்க்காத இரவு மழையையும், இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துச் சூடேற்றும் பழக்கத்தையும் தனக்குத் தானே சோதித்துக்கொள்ள வேண்டியவர் அவர்தான். காசுக்கு லைசென்ஸ் வாங்கித்தரும் புரோக்கரைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. அவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு உண்டியலிலும் கொஞ்சம் போடுகிறவர், இரண்டு இடத்திலும் ஒரே சரக்கைத்தான் விலை பேசுகிறார்.

வயிற்றுப்பாட்டுக்கு ஓட்டப் போகிறவன் நிலை வேறல்லவா என்பதுதான் எனக்குச் சங்கடமான கேள்வி. லைசென்ஸ் கிடைத்தால்தான் வேலை, ஒரு நாள் தள்ளினால் ஒரு நாள் கூலி போச்சு என்கிறவனிடம் தத்துவம் பேசுவது எளிது. அவன் பிரார்த்தனையில் கள்ளம் இல்லை. ஆனாலும் அவன்தான் நாள் முழுக்கச் சாலையில் இருக்கப் போகிறவன். முதலில் அடிபடப் போகிறவனும் அவனே. வேலை கிடைக்கட்டும், கற்றுத்தர ஒரு நல்ல ஆள் கிடைக்கட்டும் என்று அவன் கேட்கலாம். அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவனுக்கே, பிள்ளையாரைக் கும்பிடாததால் தேரின் அச்சு முறிந்ததே என்று அச்சிறுபாக்கத்துக் கதையைச் சொல்லி மடக்குகிறவர்களும் உண்டு. கும்பிடாமல் போகக் கூடாது என்பது சரி. ஆனால் அந்தத் தேரில் சாரதியாக உட்கார்ந்திருந்தது பிரம்மா; அவர் முதல் நாள்தான் கடிவாளம் பிடித்தவர் என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை. வேண்டுதலுக்கு முன்மாதிரி வேண்டுமானால் தென்காசியிலேயே கல்லில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதற்குப் பழுது வந்தால் சரிசெய்து காப்பவர்களை வணங்குவதாகப் பாட்டாகவே வெட்டி வைத்திருக்கிறான். சிவனிடம் தன் புகழைக் கேட்காமல், முகம் தெரியாத மனிதர்களிடம் பணிந்து நின்ற மன்னன் அவன். சாலையில் நாம் ஒவ்வொருவரும் நம்பியிருப்பதும் அப்படி முகம் தெரியாத மனிதர்களைத்தான்.

தேர்வில் தவறினால் சட்டப்படி ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறையும் தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். அதைச் சாபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விடலை போடுங்கள், கும்பிடுங்கள். ஆனால் முந்தின நாளே, பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவரை உட்கார வைத்துக்கொண்டு, ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தி எடுத்துப் பாருங்கள். பின்னால் உருண்டால், மறுநாள் தேர்வுக்குப் போகாதீர்கள்.