வாரக் கணக்கும் சரணாகதியும்

சரணாகதி செய்தவனுக்குத் தன் முயற்சியால் ஆகவேண்டியது ஏதேனும் உண்டோ? ‘இந்த வாரம் இன்னது செய்வேன்’ என்று ஒரு பிரபந்நன் தனக்குத் தானே இலக்கு வகுத்துக்கொள்வது, எம்பெருமானே உபாயம் என்னும் உறுதிக்குக் குறையாகாதோ? உபந்யாஸம் கேட்டுத் திரும்பும் அன்பர்கள் பலருக்கும் எழும் ஐயம் இது. ஐயம் நியாயமானதே. ஆனால் அதையே காரணமாகக் காட்டி, திவ்யப்ரபந்தம் கற்பதையும், உணவு, உறக்கம், பேச்சு ஆகியவற்றில் அளவு காப்பதையும் நாள்தோறும் ஒத்திவைப்போமாகில், அது பாரதந்த்ர்யம் அன்று. சோம்பலுக்குப் போர்த்திய பட்டாடை.

அடியேன் வணிகவியல் பயின்று வங்கியில் பணி செய்தவன். அத்தொழிலிலேயே இந்த ஐயத்துக்கு ஒரு விடை தோன்றுகிறது. காசாளர் மாலைதோறும் தம் வசமுள்ள பணத்தை எண்ணி, ஏட்டிலுள்ள இருப்போடு ஒப்பிட்ட பின்னரே வீட்டுக்குச் செல்ல இயலும். தம் சட்டைப்பையில் உள்ள பணத்தை அவர் அவ்வாறு நாள்தோறும் எண்ணிக் கையொப்பம் இடுவதில்லை. பெட்டியில் உள்ள பணம் அவருடையது அன்று; ஆகையால் எண்ணுகிறார். பிறர் பொருளைக் கையாள்பவனுக்கே கணக்கு கடமையாகிறது.

ஜீவாத்மா எம்பெருமானுக்குச் சேஷபூதன் என்பது நம் ஸம்ப்ரதாயத்தின் அடிப்படை. அப்படியாயின் நம் உடலும் நாவும் பொழுதும் அவன் உடைமையே. அவற்றுக்குக் கணக்கு வைப்பது ஸ்வாதந்த்ர்யம் ஆகாது. ‘இது என்னுடையது அன்று’ என்ற உணர்வு அன்றாட நடையில் எடுக்கும் வடிவமே அது. வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. ‘இத்தனை பாசுரம் ஸேவித்தேன்; இவ்வளவு அருள வேண்டும்’ என்று எழுதினால், அவனை நமக்குக் கடன்பட்டவன் ஆக்குகிறோம். ‘என்னிடம் தரப்பட்ட பொழுது உரியவனிடம் சென்று சேர்ந்ததா’ என்று பார்த்தால் அது கைங்கர்யம்.

பணி ஓய்வு பெற்றவர்களுக்கு இக்கணக்கு இன்னும் தேவை. பணியில் இருந்தவரை அலுவலக நேரமே நம்மை எழுப்பி, உண்பித்து, உறங்க வைத்தது. ஓய்வுக்குப் பின் அந்தக் கட்டு அவிழ்கிறது. ‘இனி நேரம் நிறைய உண்டு, நாலாயிரமும் கற்றுவிடலாம்’ என்று தொடங்குவோர் பலர். பெரிய இலக்கு சில நாள்கள் உற்சாகம் தருகிறது. பிறகு ஒரு காய்ச்சலோ பயணமோ குறுக்கிட, புத்தகம் அலமாரிக்குத் திரும்புகிறது.

வாரம் என்னும் அளவு இங்கே உதவுகிறது. நாள் மிகக் குறுகியது. ஒரு சிறு தடை வந்தாலே இலக்கு தவறும். மாதம் மிக நீண்டது; கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று மனம் சாக்குச் சொல்லும். வாரத்திலோ ஒரு நாள் தவறினும் மறுநாள் ஈடுசெய்ய இடம் உண்டு.

திருவாய்மொழியையே எடுத்துக்கொள்வோம். மொத்தப் பாசுரங்கள் 1102, திருவாய்மொழிகள் 100. பன்னிரு திருநாமங்களைப் பாடும் ஒன்றில் மட்டும் 13 பாசுரங்கள்; ஏனையவற்றில் 11. வாரம் ஒரு திருவாய்மொழி என்று கொண்டால், ஐந்து நாள்கள் இரண்டிரண்டு, ஆறாம் நாள் ஒன்று. ஏழாம் நாள் பதினொன்றையும் சேர்த்து ஸேவிக்கலாம். 13 பாசுரங்கள் உள்ளதற்கு ஆறாம் நாள் மூன்று. நூறு வாரங்களில், அதாவது இரண்டு ஆண்டுகளுக்குள், முழுவதும் ஒருமுறை கற்றதாகும். நாளுக்கு இரண்டு பாசுரம் என்பது எவருக்கும் சுமை அன்று.

பூர்வாசார்யர்களின் பெருங்கைங்கர்யமும் இவ்வாறு நாள்தோறும் சேர்ந்ததே. நம்பிள்ளை பகலில் அருளிச்செய்த பொருளை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவுதோறும் ஏடுபடுத்தினார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஒரு படிக்கு 32 எழுத்து என்னும் கணக்கில் 11,52,000 எழுத்துகள். அன்று கேட்டதை அன்றிரவே எழுதியதன் திரட்சி அது.

சிறு இலக்கு என்பதற்கு ஸ்ரீபாஷ்யத்திலும் ஆதாரம் உண்டு. எம்பெருமானார் வாக்யகாரரை எடுத்துக்காட்டி, பக்திக்கு உறுப்பாக ஏழு ஸாதநங்களை அங்கே கூறுகிறார்: விவேகம், விமோகம், அப்யாஸம், க்ரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம். அப்யாஸம் திரும்பத் திரும்பப் பழகுதல். க்ரியை என்பது ஐந்து மஹாயஜ்ஞங்கள் முதலானவற்றை இயன்ற அளவில் செய்தல். ‘இயன்ற அளவில்’ என்ற வரம்பு கவனிக்கத்தக்கது. இறுதியில் உள்ள இரண்டும் ஆழ்ந்த உளவியல் உடையவை. அநவஸாதம் மனம் தளராமை. அநுத்தர்ஷம் மகிழ்ச்சியால் மிதமிஞ்சிப் பொங்காமை. பிரபந்நன் இவற்றை உபாயமாகக் கொள்வதில்லை. ஆயினும் கைங்கர்யத்தில் நிலைக்க விரும்புபவனுக்கு இவை நல்ல வழிகாட்டிகளே.

மீண்டும் காசாளரிடம் வருவோம். பணம் குறைந்தால் அவர் ஈடுசெய்ய வேண்டும். கூடினாலோ அது அவருக்கு இலாபம் அன்று, அதுவும் பிழையே. தனிக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், பைக்குள் போட்டுக்கொள்ளலாகாது. வார இலக்கும் இப்படியே. குறைந்த வாரத்தில் ‘நான் எதற்கும் தகுதியற்றவன்’ என்று விட்டுவிடாமல், அடுத்த வாரத்தில் ஈடுசெய்தல் அநவஸாதம். நிறைந்த வாரத்தில் ‘பக்கத்து வீட்டுக்காரரால் இது ஆகுமோ’ என்று நெஞ்சு நிமிராதிருத்தல் அநுத்தர்ஷம். இரண்டில் பின்னதே கடினம். பாசுரம் மிகுந்தும் பாகவதரை இகழும் நாவு அடங்கவில்லையேல், அந்த ஏட்டில் இருப்பு ஒத்துப்போகவில்லை என்றே பொருள்.

ஆகவே இலக்குகள் கல்வியோடு நிற்கலாகாது. மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணவே மறுப்பவனுக்கும், மிக உறங்குபவனுக்கும் உறங்காமல் விழித்திருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதை ஆறாம் அத்தியாயம் தெளிவுபடுத்துகிறது. ஒரு வாரம் எழுந்ததும் முதல் அரைமணி நேரம் கைப்பேசியைத் தொடாதிருக்கலாம். மற்றொரு வாரம் உணவின்போது பிறர் குறை பேசாதிருக்கலாம். ஒரே வாரத்தில் ஐந்தாறு நியமங்களை ஏற்பதைவிட ஒன்றைக் காப்பது நன்று.

இலக்கே எஜமானன் ஆகிவிடுவதும் ஆபத்து. இல்லாள் நோயுற்றுக் கிடக்கையில் ‘இன்றைய இரண்டு பாசுரம் முடியட்டும்’ என்று அறைக்கதவைச் சாத்துபவர், பொழுது எம்பெருமானுடையது என்பதை மறந்து, மீண்டும் அதைத் தமதாக்கிக்கொண்டவர். அவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அரைமணியும் உரியவனிடமே சேர்ந்தது. ஏட்டில் அன்று இரண்டு பாசுரம் குறையலாம், கைங்கர்யத்தில் குறைவில்லை.

வார இறுதியில் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். குறைந்ததைப் பொறுத்தருளுமாறு விண்ணப்பித்து, நிறைந்ததை அவன் செய்வித்தது என்று ஸமர்ப்பித்து, ஏட்டை மூடிவைப்போம். எண்ணுவது நம் கடமை. பலன் அவன் பொறுப்பு.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.