நாவின் தீர்ப்பு

விஞ்ஞானி ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது? களுவாஞ்சிக்குடியில் மாலை வேளைகளில் எம்மோடு கூடிப் பேசும் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் அண்மையில் இவ்வினாவைச் சற்றுக் கோபத்தோடே எழுப்பினர். கலிபோர்னியாவில் ரொபர்ட் ஹொட்ஜ்சன் என்றொரு கடலியல் பேராசிரியர், புள்ளிவிபரவியலும் கற்பித்தவர், திராட்சை மது செய்வதையும் சுவைத்து ஆராய்வதையும் பல ஆண்டுகளாகத் தம் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தார் என்று நாம் கூறியதே அவர்கள் கோபத்துக்குக் காரணம். "கடலைப் படித்தவர் கடைசியில் கிண்ணத்துக்குள்ளா விழுந்தார்?" என்று கேட்டான் ஒருவன். உலகில் கோடிக்கணக்கானோர் குடிநீருக்கு வழியின்றித் தவிக்கையில், கற்றறிந்த ஒருவர் மதுவில் நாவற்பழ மணம் இருக்கிறதா, புகையிலை மணம் இருக்கிறதா என்று ஆராய்ந்து கொண்டிருப்பது பூர்ஷ்வாத்தனம் அன்றி வேறென்ன என்பது அவன் வாதம்.

அவன் கோபத்தில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. கசிப்பால் குலைந்த வீடுகளை எழுவான்கரையிலும் காண்கிறோம், படுவான்கரையிலும் காண்கிறோம். மதுவுக்குப் பரிந்து பேசுவது எமது நோக்கமும் அன்று. ஆயினும் இன்பத்தை வெறுப்பதுதான் முற்போக்கு என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ, எமக்குத் தெரியவில்லை. துறவு மடத்திலிருந்து வந்திருக்கலாம். தொழிலாளர் இயக்கத்திலிருந்து நிச்சயமாக வரவில்லை. மார்க்ஸ் பிறந்த ட்ரியர் நகரம் மோசல் ஆற்றங்கரையில் திராட்சைத் தோட்டங்களின் நடுவே இருக்கிறது. 1843 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தம் ஏட்டில் எழுதிய முக்கியமான கட்டுரைகள் அத்தோட்டங்களில் பாடுபட்டோரின் வறுமையைப் பற்றியவை. ஏங்கெல்சோ, மார்க்சின் மகள் 1868 இல் நீட்டிய கேள்வித்தாளில், மகிழ்ச்சி என்பது யாது என்ற வினாவுக்கு ஒரு குறிப்பிட்ட ஆண்டின் பிரெஞ்சு மதுவையே விடையாக எழுதி வைத்தார். சுவையை இருவரும் பழிக்கவில்லை. அச்சுவை யாருடைய வியர்வையில் விளைகிறது, யாருடைய மேசைக்குப் போகிறது என்பதே அவர்களுக்குக் கேள்வியாக இருந்தது.

எமது கேள்வி இதிலும் சற்று வேறுபட்டது. ஒரு பொருளை நாவில் வைத்து, "இது உயர்ந்தது, இது தாழ்ந்தது" என்று தீர்ப்புச் சொல்பவருக்கு அந்த உரிமை எங்கிருந்து கிடைக்கிறது? ஹொட்ஜ்சனின் கதையை மாணவர்களுக்கு நாம் சொன்னதும் இதன் பொருட்டே.

அவர் 1976 இல் கலிபோர்னியாவின் வடபகுதியில் ஃபீல்ட்புரூக் என்னும் இடத்தில் ஒரு சிறு மதுச்சாலையைத் தொடங்கினார். அங்கு செய்த மதுவைப் போட்டிகளுக்கு அனுப்பினார். ஒரு போட்டியில் தங்கப் பதக்கம் பெற்ற அதே மது, மற்றொரு போட்டியில் எப்பரிசும் பெறாது திரும்பிற்று. மதுவோ ஒன்றுதான், நடுவரும் தேர்ந்தவர்களே. அப்படியானால் பதக்கம் எதை அளக்கிறது? இந்நிலையில் மற்றொருவராயின் தங்கப் பதக்கத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, பரிசு தராத நடுவர்களை வைதிருப்பார். பெரும்பாலோர் செய்வது அதுவே. ஹொட்ஜ்சனோ பதக்கம் தந்தவர்களையும் சேர்த்தே சந்தேகித்தார்.

கலிபோர்னிய மாநிலக் கண்காட்சியின் மதுப் போட்டி அந்நாட்டின் பழம்பெரும் போட்டிகளுள் ஒன்று. அதன் அமைப்பாளரை இணங்கச் செய்து, 2005 முதல் அவர் ஒரு பரிசோதனையை நடத்தினார். நால்வர் கொண்ட ஒவ்வொரு நடுவர் குழுவின் முன்னும் ஏறத்தாழ 30 கிண்ணங்கள் வைக்கப்படும். அவற்றுள் மூன்று ஒரே போத்தலிலிருந்து ஊற்றப்பட்டவை. எவை அம்மூன்று என்பது நடுவருக்குத் தெரியாது. அவ்வளவுதான், இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகளின் முடிவுகளை 2008 இல் அவர் வெளியிட்டார். தம் தீர்ப்பில் உறுதியாக நின்று, ஒரே மதுவுக்கு மூன்று முறையும் ஒரே தரத்தை வழங்கியவர்கள் பத்தில் ஒருவர் அளவே. மற்றொரு பத்தில் ஒரு பங்கினர் அதே மதுவுக்கு ஒரு முறை வெண்கலமும் மறுமுறை தங்கமும் அளித்தார்கள். பொதுவாக ஒரு நடுவர் 90 புள்ளி இட்ட மது, சிறிது நேரத்துக்குப் பின் அவரிடமே 86 உம் பெறலாம், 94 உம் பெறலாம். ஓராண்டில் உறுதியாக நின்றவர் அடுத்த ஆண்டிலும் அவ்வாறே நின்றார் என்றும் இல்லை. 2009 இல் அவர் 13 போட்டிகளின் முடிவுகளை ஒப்பு நோக்கினார். மூன்றுக்கு மேற்பட்ட போட்டிகளில் கலந்துகொண்ட மதுவகைகள் 2,440. அவற்றுள் 47 சதவீதமானவை எங்கோ ஒரு போட்டியில் தங்கம் பெற்றன. அப்படித் தங்கம் பெற்றவற்றில் 84 சதவீதமானவை வேறொரு போட்டியில் ஒன்றுமே பெறவில்லை.

இதில் எம்மைக் கவர்ந்தது நடுவர்களின் தோல்வி அன்று. அவர்கள் ஏமாற்றுக்காரர் அல்லர். நேர்மையாகவே சுவைத்தார்கள், நேர்மையாகவே பிழைத்தார்கள். பெருமைக்குரியது அக்கண்காட்சியின் அமைப்பாளர் இச்சோதனைக்குக் கதவு திறந்ததும், ஹொட்ஜ்சன் தாம் நேசித்த பொழுதுபோக்கையே கூண்டில் ஏற்றியதுமாகும். தன் மதுச்சாலையின் பதக்கங்களும் இதனால் பெறுமதி இழக்கும் என்று அறியாதவர் அல்லர் அவர்.

இத்தகைய சோதனைக்கு மூதாதை ஒன்று உண்டு. அது மதுக் கிண்ணத்தில் அன்று, தேநீர்க் கிண்ணத்தில் பிறந்தது. 1920களில் இங்கிலாந்தின் ரொத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பாசிகளை ஆராய்ந்து வந்த மியூரியல் பிரிஸ்டல் அம்மையார், கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா தேநீரை ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே தம்மால் கூற முடியும் என்றார். உடன் பணியாற்றிய ஃபிஷர் என்ற புள்ளிவிபரவியல் அறிஞர் இதைச் சிரித்து ஒதுக்கவில்லை. அப்படியே நம்பிவிடவும் இல்லை. எட்டுக் கோப்பைகள், இருவகையிலும் நான்கு நான்காக, ஒழுங்கு குலைத்து வைத்துக் கொடுக்கலாம் என்றார். குருட்டாம் போக்கில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 70 இல் ஒன்று. 1935 இல் வெளிவந்த அவருடைய நூலில் இச்சோதனை விரிவாக இடம்பெற்றது. அம்மையார் வென்றாரா என்பதை மட்டும் அவர் அதில் எழுதவேயில்லை. எமது மலைநாட்டுத் தேயிலைக்கும் 1883 முதல் கொழும்பில் ஏலம் நடக்கிறது. சுவைஞர் உறிஞ்சி உமிழ்ந்து சொல்லும் சொல் விலையைத் தீர்மானிக்கிறது. கொழுந்து கிள்ளிய பெண்ணிடம் சுவை பற்றி யாரும் கேட்பதில்லை என்பதையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நாவு ஏன் தடுமாறுகிறது? நாவு தனியே சுவைப்பதில்லை. கண் சுவைக்கிறது, பெயர்ச்சீட்டுச் சுவைக்கிறது, விலை சுவைக்கிறது. பிரான்சின் போர்தோ நகரில் மதுவியல் மாணவர் 54 பேரிடம், மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கப்பட்ட வெள்ளை மதுவைக் கொடுத்தபோது, அவர்கள் செந்நிற மதுவுக்கே உரிய சொற்களால் அதை வருணித்தார்கள். 2001 இல் வெளியான ஆய்வு இது. இதை வாசித்துச் சீமான்களைக் கேலி செய்வது எளிது. எமது மாணவர்களும் அதைத்தான் செய்தார்கள். "உழைக்கும் மக்களின் நாவு இப்படி ஏமாறாது" என்று ஒருவன் முழங்கினான்.

அதையும் பார்த்துவிடுவோம் என்றோம். மண்டூரிலிருந்து குருமண்வெளித் துறைக்குப் பாதையில் ஏறி வந்து, எமது தெருவில் எருமைத் தயிர் விற்கும் மூதாட்டி ஒருத்தி உண்டு. ஒரு துளியை நாவில் வைத்து, எந்தப் பட்டியின் பால், எப்போது உறை போட்டது என்று சொல்லிவிடுவாள் எனப் பெயர். மாணவர்கள் இரண்டு சட்டித் தயிரை நான்கு கிண்ணங்களில் இட்டு, மூன்றில் ஒரே சட்டித் தயிரை வைத்து, "பெத்தா, எதெது ஒண்டு சொல்லுங்க" என்று கேட்டார்கள். வேறு சட்டியை அவள் சரியாகவே பிரித்தாள். ஆனால் ஒரே சட்டி மூன்றில் ஒன்றை, "இது நேத்தையான்" என்று தள்ளி வைத்தாள். உண்மையைச் சொன்னபோது மறுபடி தொட்டு நாவில் வைத்துப் பார்த்துவிட்டு, "பிழைச்சிப் போட்டன் மனே" என்று சிரித்தாள். முழங்கிய மாணவனுக்குத்தான் முகம் வாடிற்று. வாட வேண்டியதில்லை. மக்களை நேசிப்பது வேறு, மக்களின் நாவைத் தெய்வமாக்குவது வேறு.

ஆயினும் அம்மூதாட்டிக்கும் போட்டி நடுவருக்கும் ஒரு வேற்றுமை உண்டு. எமது விடயத்தின் கரு அங்கேதான் இருக்கிறது. அவள் பிழைத்தால் அப்பிழை அவளிடமே திரும்பி வரும். புளித்த தயிரை நல்லதென்று விற்றால், மறுநாள் சட்டி திரும்பி வரும், வாடிக்கை குறையும். நடுவரின் பிழையோ நடுவரிடம் திரும்புவதில்லை. தீர்ப்புப் பெற்றவன் மீது விழுந்து அங்கேயே கிடக்கிறது. ஹொட்ஜ்சன் மது செய்பவராகவும் இருந்தபடியால்தான், தீர்ப்பின் பாரம் அவர் தோளுக்குத் தெரிந்தது என்று நினைக்கிறோம்.

ஆசிரியர்களாகிய நாமும் சுவைத்துப் புள்ளியிடுபவர்களே. இதை எழுதக் கூச்சமாக இருப்பினும் எழுதுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியின் கட்டுரைத் தாளைக் காணவில்லை என்று, அவளுடைய குறிப்பேட்டிலிருந்த அதே கட்டுரையை மறுபடி பிரதி செய்து தரச் சொன்னோம். அதற்கு 45 புள்ளி இட்டோம். பின்னர் முதல் தாள் வேறொரு வகுப்புக் கட்டினுள் அகப்பட்டது. அதில் எமது கையெழுத்தில் 62 என்று எழுதியிருந்தது. சொல் மாறவில்லை, எழுத்தும் மாறவில்லை. ஒன்று விடுமுறைநாட் காலையில் திருத்தியது. மற்றது மின்சாரம் நின்ற இரவில், நாற்பதாவது தாளாகத் திருத்தியது. அவளுக்கு எதைச் சொல்வது? 62 ஐயே சொன்னோம். இரண்டையும் சொல்லும் துணிவு அன்று எமக்கு இருக்கவில்லை.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1913 இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் ஒரே கேத்திரகணித விடைத்தாளை நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியரிடம் அனுப்பினர். கணிதம்தானே, பிசகாது என்று எண்ணுவோம். வந்த புள்ளிகள் 30க்குக் கீழிருந்து 90க்கு மேல்வரை பரந்து கிடந்தன.

தீர்ப்பிடுபவரைச் சோதிக்காமல் தீர்ப்புப் பெறுபவரைத் தண்டிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்நாட்டுத் தமிழ் மாணவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1970 இல், தமிழ்ப் பரீட்சகர்கள் தம் மொழி மாணவருக்குத் தாராளமாகப் புள்ளி வழங்கினர் என்றொரு குற்றச்சாட்டு எழுப்பப்பட்டது. அது நிறுவப்படவில்லை. ஐயம் உண்மையாகவே இருந்திருந்தால், அதைத் தீர்க்க வழி இருந்தது: பெயர் மறைத்த தாள்கள், மறுபரீட்சகர்கள், ஒரே தாளின் பல பிரதிகள். ஃபிஷரின் நூல் வெளிவந்து அப்போதே 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. நடந்ததோ வேறு. 1971 அனுமதியில் மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவர் 229 புள்ளி பெற்றாற் போதும், தமிழ் மொழிமூல மாணவர் 250 பெற வேண்டும் என்றாயிற்று. பேராதனைப் பொறியியலுக்கு 227 உம் 250 உம். பரீட்சகர் மீது இருந்த ஐயத்துக்குப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள். பின்தங்கிய மாவட்டங்களுக்கு இடம் வேண்டும் என்ற நியாயம் முற்றிலும் வேறானது. மட்டக்களப்பார் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் மொழியைப் பார்த்துப் புள்ளியைக் குறைப்பதற்கும் அந்நியாயத்துக்கும் சம்பந்தம் இல்லை.

இன்று இசட் புள்ளி நான்கு தசமதானங்களுக்குக் கணிக்கப்படுகிறது. நான்காம் தானத்தில் ஓர் இலக்கம் குறைந்ததனால் ஒரு பிள்ளை பீடம் இழக்கிறாள். கணிப்பில் பிழை இல்லை என்றே கொள்வோம். ஆனால் அக்கணிப்பின் அடியில் இருப்பது, நாற்பதாவது தாளில் களைத்துப்போன ஒரு கை இட்ட இலக்கம். கிண்ணத்தில் இருக்கும் கலங்கலைத் தராசின் துல்லியம் தெளிய வைக்குமா? மாணவன் தன் தாளை மறுமதிப்பீடு செய்யும்படி விண்ணப்பிக்கலாம் என்பர். அதுவும் தீர்ப்புப் பெற்றவனே அலைய வேண்டிய ஏற்பாடு.

சென்ற தவணையில் எம்மிடம் படிக்கும் வகுப்பொன்றின் தமிழ்க் கட்டுரைத் தாள்களை நாமும் வேறு இரு ஆசிரிய நண்பர்களும் மாறி மாறித் திருத்தினோம். பெயர் எழுதிய மூலையை மடித்து ஒட்டிவிட்டோம். ஒருவர் இட்ட புள்ளியை மற்றவர் காணாதபடி தனித்தாளில் எழுதினோம். சில தாள்களின் பிரதிகளை மாணவர்களில் ஒருவனே, சொல்லாமல், கட்டினுள் செருகியும் வைத்தான். முடிவுகளை இங்கே விரிக்கப் போவதில்லை. எமக்குப் பெருமை தரும் முடிவுகள் அல்ல அவை. ஒரு தாளுக்கு மட்டும் நண்பர் ஒருவர் 71 உம் நாம் 48 உம் இட்டிருந்தோம். பாரதி என்றால் நாம் இரங்குவோம், நண்பர் இலக்கணப் பிழையை மன்னியார் என்று மாணவர் கணக்குப் போட்டிருந்தார்கள். அதற்கு நேர்மாறாக நடந்திருந்தது. இரவு ஒன்பது மணி வரை வாதாடினோம். நண்பர் இறங்கவில்லை, எமக்கும் ஏற மனம் வரவில்லை. ஆனால் இருவரும் தத்தம் காரணங்களை எழுதி அத்தாளோடு பிணைத்து, மூலையைப் பிரித்துப் பார்க்காமல், மூன்றாமவரின் மேசையில் வைத்துவிட்டு வீடு திரும்பினோம்.